மூலை வெட்டிய படிகங்கள்

முன்னறையிலிருந்து அந்தக் கனைப்புச் சத்தம் கேட்டது. ஒரு தடவை. சின்ன இடைவெளி. மறுபடியும் ஒரு தடவை.

சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றுபோனது. குழாயை மூடினாள். சோப்பு நுரை முழங்கை வழியாக வழிந்து தரையில் சொட்டியது. உலகத்தில் எத்தனையோ பேர் கனைக்கிறார்கள். ஆனால் மீட்டரில் ஓர் எண்ணை வாசித்துச் சொல்வதற்கு முன் இப்படி இரண்டு முறை கனைக்கிற மனிதர் ஒருவர்தான். அவர் அவளுடைய கணவர்.

"யாருக்கா?" என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

"உன் வீட்டுக்காரர்தான்," என்றாள் அக்கா முன்னறையிலிருந்து. "உக்காரச் சொல்லட்டுமா? இல்ல, புகாரைப் பதிவு பண்ணிட்டு அப்படியே அனுப்பிடட்டுமா?"

அக்கா குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பவள். குழாய் உடைந்தவர்களும் தொட்டி ஒழுகுகிறவர்களும் நாள் முழுக்க அவள் காதில் கத்துவார்கள். யாருடைய கோபமும் அவளை ஒன்றும் செய்யாது. தங்கை பெட்டியும் கையுமாக வந்து நின்ற அன்றைக்கும் காரணம் கேட்கவில்லை. கட்டிலில் பாதியைக் காலி செய்து கொடுத்துவிட்டு, "குறட்டை விட்டா மட்டும் சொல்லிடு, நான் காதை அடைச்சுக்கறேன்," என்றாள்.

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள் அவள். கணவர் நாற்காலியின் விளிம்பில், எழுந்து போகத் தயாராக இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

"நாளைக் காலையில நிலையத்துல மதிப்பீட்டுக் குழு கூடுது," என்றார். "நான் என்ன சொல்லப் போறேன்னு அவங்களுக்கு முன்னாடி உனக்குச் சொல்லணும்னு தோணிச்சு."

"புதுசா என்ன சொல்லப் போறீங்க? கசியுதுன்னுதானே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஒரு சொல்லில் அவள் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் அவளுடைய படிக வளர்ப்பறை இருந்தது. அங்கே அவள் வளர்க்கிற படிகம் கசிகிறது என்று கணவர் நாளைக்குச் சொன்னால், அறையை மூடிவிடுவார்கள். வெந்நீர்த் தொட்டிகளை அணைத்துவிட்டு, அந்த இடத்தை வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அளக்கிற பொறுப்பு அவருடையது. அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். படிகத்துக்கு எதிரியாகத்தான் அவள் வேலைக்கே சேர்ந்தாள்! படிப்பு முடிந்ததும் ஒரு சலவைத்தூள் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அங்கே குழாய்களுக்குள் படிகம் கட்டிக்கொண்டு எந்திரத்தையே நிறுத்திவிடும். அதைச் சுரண்டி எறிவது அவள் பிரிவின் வேலை. எல்லோரும் திட்டிக்கொண்டே சுரண்டினார்கள். அவள் மட்டும் சுரண்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், அந்த இருட்டுக் குழாய்க்குள் இவ்வளவு நேரான விளிம்பு எப்படி வந்தது? நல்ல துண்டுகளைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவாள். "ஊரெல்லாம் சம்பளம் கொண்டுவருது, இவ அழுக்கைக் கொண்டுவரா," என்பார் அப்பா.

அதே கிறுக்குதான் அவளை ஆராய்ச்சி நிலையத்துக்கு இழுத்துவந்தது. உதவியாளராகச் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்து, கடைசியில் வளர்ப்பறைக்கே பொறுப்பாளரானாள். சூடான அமிலத்தில் பொடியைக் கரைத்து, அந்தக் கரைசலை நாள்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிட வேண்டும். நடுவில் யாராவது கதவைப் படாரென்று சாத்தினால் போச்சு. ஒரு நல்ல படிகம் வரவேண்டிய இடத்தில் ஆயிரம் தூசி வந்து உட்காரும். அதனால் அந்த அறையில் அவள் ரப்பர் செருப்போடுதான் நடப்பாள். ரகசியம் பேசுவதுபோலத்தான் பேசுவாள். நிலையத்தில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் படிகம்மா.

மேல்மாடியில் மின் அளவைகள் எடுக்கிற மனிதருக்கு மீட்டர் என்று பெயர். கண்ணால் கண்டதை நம்பமாட்டார், காதால் கேட்டதை நம்பமாட்டார், மீட்டர் சொன்னால்தான் நம்புவார். ஒருநாள் ஏதோ கேட்க அடித்தளத்துக்குத் தடதடவென்று இறங்கிவந்தார். படிகம்மா உதட்டில் விரலை வைத்து, "ஷ்ஷ்... இப்பதான் ஒண்ணு பிறக்குது," என்றாள். அந்த மனிதர் மறுபேச்சில்லாமல் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு உள்ளே வந்து, அவள் பக்கத்தில் குனிந்து, கண்ணாடிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன கேட்க வந்தார் என்பதையே மறந்துவிட்டார். கல்யாணம் அன்றைக்கே நிச்சயமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத்தான் பிறகு தெரிந்தது.

அவர்களைப் பிரித்ததும் ஒரு படிகம்தான். அடுக்கு ஹாலைடு பெரோவ்ஸ்கைட் என்று அதற்குப் பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுநடுவே பஞ்சு வைத்ததுபோல இருக்கும். ஈயமும் குளோரின், புரோமின் வகை ஹாலைடும் சேர்ந்த தகடு ஒன்று, அதன்மேல் கரிம மூலக்கூறுகள் ஒரு வரிசை, மறுபடி தகடு. கைக்கு வரும்போது நகம் அளவுக்கு மெல்லிய மஞ்சள் ஏடு, அவ்வளவுதான். அந்த ஏட்டில் ஒரு குணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே இருக்கும் மின்னூட்டங்கள் ஒரு பக்கம் சாயும். அழுத்தத்தை எடுத்தபிறகும் சாய்ந்தபடியே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் அழுத்தினால்தான் மாறிச் சாய வேண்டும். சொன்ன சொல்லை மறக்காத பொருள். ஃபெரோஎலக்ட்ரிக் என்பார்கள். அது இல்லாமல், கொடுத்த மின்சாரம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர்போல ஓடிப்போனால், அது வெறும் கசிவு.

முதல் படிகத்தை அவளே மாடிக்குக் கொண்டுபோனாள். அவர் இடுக்கியால் எடுத்துப் பொருத்தினார். திரையில் கூர்மையான முனைகளோடு அழகாக ஒரு வளையம் வந்தது. நினைவுள்ள பொருளுக்கு வருகிற வளையம். நிலையமே கைதட்டியது. ஆனால் திரும்ப எடுக்கும்போது இடுக்கி பட்டு அந்தப் படிகம் இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகு அவள் அனுப்பிய ஒரு படிகத்திலும் அந்த வளையம் வரவில்லை. கசிகிற பொருளுக்கு வருகிற, உருண்டு திரண்ட ஒரு கொழுத்த வளையம்தான் வந்தது.

ஒருநாள் கூட்டத்தில் தலைவர் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "என்னய்யா மீட்டர், இந்தத் தடவை எப்படி?"

"வாழைப்பழத்துல ரெண்டு வயரைச் சொருகினாலும் இதே வளையம்தான் சார் வரும்," என்றார் அவர்.

கூடமே சிரித்தது. மறுநாளிலிருந்து படிகம்மா என்ற பெயர் போய், முதுகுக்குப் பின்னால் வேறு பெயர் வந்தது. என்ன பெயர் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அந்த வாரமே அவள் அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். "ரெண்டு நாள்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். மாதங்கள் ஓடிவிட்டன. அவள் மாடி ஏறவில்லை. அவர் அடித்தளத்துக்கு இறங்கவில்லை. படிகங்கள் மட்டும் டப்பாவில் மேலே போயின. வரைபடங்கள் மட்டும் கீழே வந்தன.

"அறை போனா என்ன?" என்றார் அவர் இப்போது. "வேலை போனா போகட்டும். நீ வீட்டுக்கு வந்துடு. நான் சம்பாதிக்கறேன்ல?"

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அது வெந்த புண்ணில் வேலாக இறங்கியது.

"உங்க மீட்டர்ல இரக்கத்துக்குத் தனியா ஒரு முள் இருக்கா?" என்றாள் அவள்.

"மாப்பிள்ளை," என்று அக்கா இடைமறித்தாள், "வாரம் முழுக்க ஆபீஸ்ல கசிவைத் தவிர வேற வார்த்தையே என் காதுல விழலை. லீவு நாள்லயாவது வேற பேசுங்களேன். அது என்ன மடியில?"

"இவ அனுப்பின படிகங்கள்தான்க்கா. அலமாரியைக் காலி பண்ணச் சொன்னாங்க. தூக்கி எறிய மனசு வரலை."

அவர் பெட்டியை நீட்டினார். அவள் வாங்கித் திறந்தாள். வரிசையாகக் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றின்மேலும் மூலை வெட்டிய ஒரு மஞ்சள் சதுரம், இரண்டு ஓரத்திலும் மின்கம்பியைத் தொடுக்கக் கறுப்பாகக் கார்பன் பசை. தான் வளர்த்த பிள்ளைகளை வெகுநாள் கழித்து, அதுவும் பிணவறையில் பார்க்கிற தாயைப்போல அவள் பார்த்தாள். அளந்து முடித்த படிகத்தை, அந்த முதல் ஒன்றைத் தவிர, அவள் ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. வரைபடத்தைப் பார்த்து அழுததோடு சரி.

ஒன்றை எடுத்து ஜன்னலோரம் போனாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். முகம் மாறியது. அடுத்ததை எடுத்தாள். அடுத்ததை. அக்காவின் மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எட்டி எடுத்தாள்.

"இதுங்க எல்லாம் குப்புறக் கிடக்கு!"

"என்ன?"

"குப்புறக் கிடக்குங்க! என் படிகத்தோட மேல்பக்கம் பளபளன்னு படிபடியா கோடு இருக்கும். பாத்திரத்தைத் தொட்டுட்டிருக்கிற அடிப்பக்கம்தான் இப்படி மங்கலா இருக்கும். எல்லாத்தையும் திருப்பிப் போட்டிருக்கீங்க."

"டேப்புல எடுக்கறேன்ல," என்றார் அவர் நிதானமாக. "இடுக்கியில எடுத்துத்தானே முதல் படிகம் உடைஞ்சுது. அதுக்கப்புறம் உன் பொருளை உடைக்கவே கூடாதுன்னு, கண்ணாடியில ரெண்டு பக்கமும் ஒட்டற டேப்பை ஒட்டி, மேலேருந்து மெதுவா அழுத்தி எடுத்துத் திருப்பி வெப்பேன். தட்டையான பொருள்தானே? எந்தப் பக்கம் மேல இருந்தா என்ன?"

அவள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தாள். ஒரு காலி மாத்திரை அட்டைப்பெட்டியைக் கிழித்து, சதுரமாக நறுக்கினாள். இடதுபக்க மேல்மூலையைக் கத்தரித்தாள். நடுவில் இடமிருந்து வலமாக, கெட்டியாக ஓர் அம்புக்குறி போட்டாள்.

"இதுதானே நம்ம அடையாளம்? வெட்டின மூலையை இடது மேல்பக்கம் வெச்சா, மின்னூட்டம் சாயற அச்சு இடமிருந்து வலம். அந்தத் திசையிலதான் நீங்க பசை தடவி அளக்கணும்."

"ஆமா. அப்படித்தான் அளந்தேன்."

"இப்ப நீங்க டேப்புல எடுக்கறீங்க." அட்டையைக் குப்புறப் போட்டாள். வெட்டிய மூலை வலது பக்கம் போய்விட்டது. "மூலையைத் தேடி, மறுபடி இடது மேல்பக்கம் கொண்டுவர்றீங்க." அட்டையைக் கால் சுற்று திருப்பினாள். "இப்ப வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அம்பு எங்க போகுது?"

அவர் அட்டையை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மை பின்பக்கமாகத் தெரிந்தது. அம்பு இடமிருந்து வலமாக இல்லை. மேலும் கீழுமாக நின்றது.

அவர் அட்டையை இறக்கவேயில்லை. திருப்பினார். மறுபடி திருப்பினார். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அப்போ... இத்தனை மாசமும்..."

"இத்தனை மாசமும் குறுக்கால அளந்திருக்கீங்க. அந்தத் திசையில அதுக்குச் சாயவே தெரியாது. தகடு வழியா மின்சாரம் ஓடத்தான் செய்யும். முதல் படிகத்தை மட்டும் இடுக்கியில எடுத்தீங்க. அது நேரா இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். குரல் இறங்கியது. "மூலையை வெட்டற யோசனை என்னோடது. நடுவுல அடையாளமா கீறல் போட்டா அது வழியா கசியுமேன்னு பயந்து மூலையை வெட்டினேன். புரட்டினா மாறிப்போற அடையாளம்னு எனக்குத் தோணவே இல்லை."

அவள் கீறாமல் இருந்தது படிகத்தின்மேல் உள்ள பாசத்தால். அவர் டேப்பில் எடுத்ததும் அதே பாசத்தால். இரண்டு பாசமும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் குப்புறப் போட்டுவிட்டது. ஒருநாள், ஒரே ஒருநாள், இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து அந்தப் படிகத்தைப் பார்த்திருந்தால்?

அவர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தார். "இப்பவே போறேன். பசையைக் கழுவிட்டு மத்த ரெண்டு ஓரத்துலயும் தடவிப் பாக்கறேன். நீயும் வா. ரெண்டு பேரும் சேர்ந்தே..."

"நான் வரலை."

"ஏன்?"

"நான் பக்கத்துல நின்னா, பொண்டாட்டிக்காக வளையம் வரைஞ்சான்னு நாளைக்குச் சொல்வாங்க. நீங்களே அளங்க. கசிஞ்சா கசியுதுன்னே சொல்லுங்க, அறை போகட்டும். ஆனா அளக்காம ஒரு வார்த்தை சொல்லாதீங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிய வேகத்தில், அக்கா கொண்டுவந்த டீ அவள் கையிலேயே ஆறிப்போனது. "மாப்பிள்ளை போன வேகத்துல எங்க ஆளுங்க குழாய் ரிப்பேருக்குப் போனா நான் நிம்மதியா இருப்பேன்," என்றபடி அதை அக்காவே குடித்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. குழுவின் கண்ணில் படக்கூடாது என்று விடுப்பு சொல்லிவிட்டாள். துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். போன் அடித்தபோதெல்லாம் ஈரக்கையோடு ஓடினாள். ஒன்று தவறான அழைப்பு. இன்னொன்று அக்கா. "நான்தான். எதுவும் தெரியலைன்னு தெரியும். சும்மா கேட்டேன்."

மாலையில் அக்கா வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சட்டையில் கார்பன் பசை அப்பியிருந்தது. முந்தைய நாள் சட்டை!

"உக்காருங்க," என்றாள் அவள். தனக்கே கேட்காத குரலில், "கசியுதா?" என்றாள்.

அவர் இரண்டு முறை கனைத்தார். "கசியுது."

அவள் உள்ளே போகத் திரும்பினாள்.

"இரு, முழுசாக் கேளு. கசியுது, இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒரே பக்கமா ரெண்டு தடவை மின்னழுத்தத்தால தட்டிப் பாத்தேன். வெறும் கசிவா இருந்தா ரெண்டு தடவையும் ஒரே மாதிரி இருக்கணும். முதல் தட்டுல ஒரு பெரிய துள்ளல் வந்துச்சு. ரெண்டாவது தட்டுல அது இல்லை. ஏன்னா முதல் தட்டுலயே சாய்ஞ்சாச்சு, ஞாபகம் வெச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. எதிர்ப்பக்கம் தட்டினேன், மறுபடி துள்ளல். பெட்டியில இருந்ததுல உடையாத அத்தனையிலயும் பாத்துட்டேன். ஞாபகமும் வெச்சிருக்கு, கசியவும் கசியுது. ரெண்டும் உண்மை."

அவள் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம் வந்தது. ஈரக்காலோடு ஓடிவந்த அக்கா, "என்ன மாப்பிள்ளை, என் தங்கச்சியை என்ன சொன்னீங்க?" என்று பாய்ந்தாள்.

"நல்லதுதான்க்கா சொன்னேன்!"

"நல்லதைச் சொல்லும்போதாவது கனைக்காம சொல்லக்கூடாதா? எனக்கு உயிரே போச்சு."

குழு என்ன சொன்னது என்று அவரே சொன்னார். அறை இருக்கும். கசிவைக் குறைக்க வழி பார்க்கச் சொன்னார்களாம். அடையாளம் வைக்கிற முறையை மாற்றச் சொன்னார்களாம். தலைவர் மட்டும், "அப்போ அந்த வாழைப்பழம்?" என்று சிரித்தாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாழைப்பழத்தை அளந்தது நான்தான் சார், வளர்த்தவங்க படிகம்தான் வளர்த்தாங்கன்னேன். யாரும் சிரிக்கலை."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அக்கா சமையலறைக்குள் போய், தேவையே இல்லாமல் ஒரு பாத்திரத்தை உருட்டினாள்.

"வீட்டுக்கு வர்றியா?" என்றார் அவர்.

நீங்களும் நானும் எதிர்பார்த்த பதில் அவளிடமிருந்து வரவில்லை. "படிகம் பாஸ் ஆயிடுச்சு, நான் பின்னாடியே பெட்டியைத் தூக்கிட்டு வரணுமா?" என்றாள். கோபமில்லை. களைப்புதான். "நாளைக்கு வேற ஒண்ணு தோத்துப்போச்சுன்னா? அப்பவும் நான் உங்க வீட்டுல இருக்கலாமா?"

அவர் இந்தத் தடவை கனைக்கவில்லை.

"நான் தப்பா அளந்தது உனக்கு வலிக்கலை," என்றார். "அது எனக்கு நேத்துதான் புரிஞ்சுது. ஆய்வகத்துல தனியா உக்காந்திருந்தப்போ. நீ வளர்த்ததைப் பாத்து ஊரே சிரிச்சப்போ நானும் சேர்ந்து சிரிச்சேன். அதுதானே?"

எத்தனையோ மாதமாக யாரிடமும், அக்காவிடம்கூட, அவள் சொல்லாத ஒன்று அது. கண் மறுபடியும் நிறைந்தது. தலையை மட்டும் அசைத்தாள்.

"அதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலைம்மா. அதை அளக்க எங்கிட்ட எதுவும் இல்லை."

பிறகு அவள் கேட்டாள்: "அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கு?"

"அம்மாவா? நடக்கறாங்க. தினமும் உன்னைக் கேக்கறாங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்களாம், நீயே வந்து சொல்லணுமாம்."

"சனிக்கிழமை வர்றேன். அவங்களைப் பாக்க. சாயங்காலம் திரும்பிடுவேன்."

"சரி."

"கூட்டிட்டுப் போக வரவேணாம். நானே வருவேன்."

"சரி," என்றார் மறுபடியும். ஒரு சின்னப் பிள்ளைபோல முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கக் குனிந்து செருப்பைத் தேடினார்.

"சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. போய்த் தூங்கணும் முதல்ல."

"அந்தச் சட்டையைச் சுடுதண்ணியில நனைக்காதீங்க. கறை நின்னுடும்."

தலையாட்டிவிட்டு வெளியே போனார். மாடிப்படியில் ஒருதடவை நின்று நிமிர்ந்து பார்த்தார். அவள் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவர் தலை கீழே மறைந்து, தெருக்கதவு சாத்துகிற சத்தம் வரும்வரை நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.